மனையும் மணமும்: தமிழர் இல்லத் தூய்மையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரசரின் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே வரலாறு எனக் கருதப்பட்ட காலம் கழிந்துவிட்டது. மக்கள் உண்ட உணவும் உடுத்த உடையும் உறைந்த வீடும் இன்று வரலாற்றின் பொருளாகக் கொள்ளப்படுகின்றன. எனினும் வீட்டைப் பற்றி ஆராய்ந்தோர் அதன் சுவரையும் கூரையையும் அளந்த அளவிற்கு அதனுள் நிறைந்திருந்த காற்றைப் பற்றிச் சிந்தித்தாரல்லர். மணம் கல்லைப் போல நிலைத்து நிற்பதன்று. தோன்றிய சிறுபொழுதில் மறைந்துபோவது. ஆயினும் அது இலக்கியத்திலும் சாசனத்திலும் வழக்கிலுள்ள சொற்களிலும் தன் சுவட்டை விட்டுச் சென்றுள்ளது. அச்சுவட்டைப் பின்பற்றித் தமிழர் தம் மனைகளை எவ்வாறு நன்மணம் கமழ வைத்திருந்தனர், அதற்கான உழைப்பை யார் நல்கினர், அதன் பயனை யார் துய்த்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் வரலாறே ஈண்டு முதற்கண் கவனிக்கத்தக்கது. இன்று 'நாற்றம்' என்பது வெறுக்கத்தக்க வாடையைக் குறிக்கும். பண்டைத் தமிழிலோ அது நறுமணம் உட்பட எல்லா மணத்திற்கும் பொதுப்பெயராய் வழங்கியது. பூவிற்கும் நாற்றம் உண்டு. காலப்போக்கில் அச்சொல் தாழ்வுற்று, 'மணம்', 'வாசனை' என்பன அதன் இடத்தைப் பெற்றன. நல்லது எது, தீயது எது என்ற பாகுபாடு மூக்கினால் மட்டும் செய்யப்படுவதன்று. சமூகத்தாலும் செய்யப்படுவது என்பதற்கு இம்மாற்றம் ஒரு சான்றாகும்.

ஒரு வீட்டில் நல்ல காற்று நிலவுதற்கு மூன்று வழிகளே உள்ளன. தீய வாடையின் மூலத்தை அகற்றுதல் ஒன்று. பெருக்குதல், மெழுகுதல், கழுவுதல், வெயிலில் உலர்த்துதல் என்பன அதன்பாற்படும். காற்றை உலவவிடுதல் மற்றொன்று. நறுமணப் பொருளைச் சேர்த்தல் மூன்றாவது. முதலாவதற்கு உழைப்பு வேண்டும். இரண்டாவதற்கு இடம் வேண்டும். மூன்றாவதற்குப் பொருள் வேண்டும். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாவிடின் இல்லத்தின் மணம் பற்றிய வரலாறு வெறும் வாசனைப் பட்டியலாக முடிந்துவிடும்.

மெழுகலும் கழுவலும்

தரையை ஆவின் சாணத்தால் மெழுகும் வழக்கம் மிகப் பழமையானது. தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை அந்தணர் மனையொன்றை வருணிக்கின்றது. குறுகிய கால்களையுடைய பந்தரிலே கன்று கட்டப்பட்டிருப்பதையும், பசிய சாணத்தால் வீடு மெழுகப்பட்டிருப்பதையும் அது எடுத்துரைக்கின்றது. வடமொழி மரபிலும் இதற்கு ஒப்பான கருத்துண்டு. பெருக்குதல், மெழுகுதல், நீர் தெளித்தல், மேல்மண்ணைச் சுரண்டி நீக்குதல், ஆநிரையைத் தங்கவிடுதல் ஆகிய ஐந்தினால் நிலம் தூய்மையுறும் என்பது மனுநூலின் விதி.

மெழுகுதல் பற்றிய சங்கச் செய்திகளுள் உள்ளத்தை மிக உருக்குவது புறநானூற்றின் 249ஆம் பாடலிற் காணப்படுவதாகும். கணவனை இழந்த பெண்ணொருத்தி அவனுக்குப் படையலிடுதற்காகச் சுளகளவான சிறிய இடத்தைத் துப்புரவு செய்கின்றாள். சாணத்தைக் கரைத்து மெழுகுதற்கு வேண்டிய நீர் அவளது கண்ணீரிலிருந்தே கிடைக்கின்றது. அவளது துயரின் பெருக்கத்தைக் காட்டப் புலவர் தேர்ந்தெடுத்த செயல், அவள் நாள்தோறும் செய்து பழகிய வீட்டு வேலையே என்பது கவனித்தற்குரியது. தரையை மெழுகுதல் பெண்ணின் கையோடு ஒன்றிப்போன தொழிலாய் அக்காலத்திலேயே இருந்தமையை இது உணர்த்தும்.

ஆடையின் தூய்மையும் மனையின் மணத்தோடு தொடர்புடையது. அழுக்கேறிய துணி குவிந்த வீட்டில் எவ்வளவு புகையிட்டும் பயனில்லை. புறநானூற்றின் 311ஆம் பாடல், களர் நிலத்திலே கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் புலைத்தியைக் குறிப்பிடுகின்றது. களர் மண்ணின் காரத்தன்மை எண்ணெய்ப் பசையைக் கரைக்கவல்லது. சவர்க்காரம் அறியப்படாத காலத்தில் அம்மண்ணே அதன் பணியைச் செய்தது. அத்துணியை உடுத்தவனின் வெண்மையைப் பாராட்டிய சமூகம் அதனை வெளுத்தவளைத் தாழ்ந்தவளாகவே கருதியது. தூய்மையாக்குபவரைத் தூய்மையற்றவரென ஒதுக்கும் முரண்பாட்டின் தொடக்கத்தை இங்குக் காணலாம்.

சாணம் கிருமிகளைக் கொல்லும் என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று இக்காலத்தில் அடிக்கடி கூறப்படுகின்றது. இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. சாணத்திலே நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும். ஏற்புவலியை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்திகள் அவற்றுள் அடங்கும். மெழுகுதலின் உண்மையான பயன் வேறு. மண்தரை காய்ந்தால் வெடிக்கும், புழுதி எழும்பும். வெடிப்புகளிலே உணவுத் துணுக்குகளும் ஈரமும் தங்கிப் புழுங்கும். சாணத்திலுள்ள நுண்ணிய நார்கள் மண்துகள்களைப் பிணைத்து வெடிப்புகளை மூடுகின்றன. மெல்லிய புதுப்படலம் ஒன்று தரையின்மேல் உருவாகின்றது. அதற்காக வீடு முழுவதும் ஒதுக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, உலரவிடப்படுகின்றது. ஆகவே, மணத்தைத் தந்தது சாணம் என்பதினும் அதனையொட்டி ஒழுங்காக நடைபெற்ற துப்புரவே என்று கூறுதல் பொருந்தும்.

காற்றின் வழி

பண்டைத் தமிழர் சாளரத்திற்கு இட்ட மற்றொரு பெயர் 'காலதர்'. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரம் புகார் நகர மாளிகைகளை வருணிக்கும் இடத்தில் மானின் கண்போன்ற காலதர்களைக் கூறுகின்றது. ஒளி வருவதற்கோ வெளியே பார்ப்பதற்கோ அன்றிக் காற்று வருவதற்கான வழியாகவே அது பெயர் பெற்றுள்ளமை குறிப்பிடத்தக்கது. இன்று ஈழத்தில் வழங்கும் 'யன்னல்' என்ற சொல்லும் 'குசினி' என்ற சொல்லும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. சொல் மாறியதோடு அதன் உட்பொருளும் மறைந்துபோயிற்று.

காற்றிற்கும் புகைக்குமுள்ள தொடர்பை நெடுநல்வாடை நுட்பமாகக் காட்டுகின்றது. கூதிர்க்காலத்தில் வாடைக்காற்று வீசுகின்றது. வேனிற்காலத்தில் தென்றலைக் கொணரும் சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. விசிறிகள் மடக்கப்பட்டு முளைகளில் தொங்க, அவற்றைச் சிலந்தி நூல் சூழ்ந்துள்ளது. வடநாட்டிலிருந்து வந்த சந்தனம் அரைக்கும் வட்டக்கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் பயனின்றிக் கிடக்கின்றன. மகளிர் தகர விறகில் நெருப்பமைத்துக் கரிய அகிலோடு வெண்மையான கண்டசருக்கரையையும் சேர்த்துப் புகைக்கின்றனர். இங்கு ஓர் ஒழுங்குமுறை புலப்படுகின்றது. கோடையில் தென்றலும் சாந்தும். குளிரில் அடைத்த கதவும் அகிற்புகையும். காற்று உலவும் காலத்தில் புகைக்குத் தேவை குறைவு. காற்று தடைப்படும்போது புழுக்கத்தையும் ஈரவாடையையும் போக்கப் புகை வேண்டப்பட்டது. எனினும் இது மாடங்களில் வாழ்ந்தோரின் கூதிர்க்காலம். அதே பாட்டின் தொடக்கத்தில் மழையால் அலைவுற்று, மேட்டு நிலத்திற்கு ஆநிரையை ஓட்டிச்சென்று, கொள்ளிநெருப்பிற் குளிர்காயும் கோவலர் வருகின்றனர். அவர்களது நெருப்பில் அகில் இல்லை.

காற்றோடு நீரையும் சேர்த்துப் பயன்கொண்ட முறைக்கு வெட்டிவேர்த் தட்டி சிறந்த எடுத்துக்காட்டாகும். மூங்கிற் சட்டத்தில் வெட்டிவேரைப் பரப்பி நீர் தெளித்தால், அதனூடே புகும் வெப்பக்காற்று நீரை ஆவியாக்கித் தான் குளிர்கின்றது. வேரின் மணமும் அதனோடு உள்ளே வருகின்றது. அக்பர் காலத்தில் இவ்வகை வேர்க்குடில்கள் பெருகியதை அபுல் பசல் தமது அயினி அக்பரியில் பதிவு செய்துள்ளார். மணமும் குளிர்ச்சியும் ஒரே செயலாற் பெறப்பட்டமை இதன் சிறப்பாகும்.

அகிலும் சாந்தும்

நறுமணப் பொருள்களின் வரலாறு வணிகத்தின் வரலாறேயாகும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்திருந்த பொருள்களைக் கூறும்போது மேற்கு மலையிற் பிறந்த சந்தனத்தையும் அகிலையும், ஈழத்து உணவையும், காழகத்து ஆக்கத்தையும் ஒன்றாகவே வைத்தெண்ணுகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்புளூசு' என்னும் கிரேக்க நூல், தென்னரேபியத் துறையொன்றில் நிகழ்ந்த பண்டமாற்றைக் குறிப்பிடுகின்றது. லிமிரிக்கே எனப்பட்ட தமிழகக் கரையிலிருந்தும் பாருகச்சத்திலிருந்தும் சென்று அங்குத் தங்கிய கப்பல்கள், துணியையும் தானியத்தையும் எண்ணெயையும் கொடுத்துக் குந்துருக்கத்தைப் பெற்றன என்பது அச்செய்தி.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி கூந்தலை நீராட்டிய நீரில் 10 வகைத் துவர்களும் 5 வகை விரைகளும் 32 வகை ஓமாலிகைகளும் ஊறியிருந்தன. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அவற்றின் பெயர்களைத் தருகின்றார். அகிலின் வகைகளாக அவர் கூறும் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்பனவற்றுள் தக்கோலியும் கிடாரவனும் தக்கோலம், கடாரம் ஆகிய ஊர்ப்பெயர்களிலிருந்து தோன்றியவை. கி.பி. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய இடங்களாக அவனது மெய்க்கீர்த்தியில் இவ்விரு பெயர்களும் வருகின்றன. சுமாத்திராவின் பாரூசு என்னுமிடத்தில் கிடைத்த, கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்ச்சாசனமும் ஈண்டு நோக்கத்தக்கது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக்குழுவினர் பொறித்த அச்சாசனம், கப்பலோடு வருவோர் செலுத்தவேண்டிய பொன்னைக் கத்தூரியின் விலையோடு தொடர்புபடுத்துகின்றது. பாரூசு கற்பூரத்திற்கும் சாம்பிராணிக்கும் பேர்பெற்ற துறையாகும். இவ்வணிகக்குழுவின் சாசனங்கள் ஈழத்தில் பதவியாவிலும் வாகல்கடவிலும் கிடைத்துள்ளன.

அகிலின் அருமைக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. அக்குவிலேரியா இன மரங்கள் எல்லாவற்றிலும் மணமுள்ள வைரம் இருப்பதில்லை. மரம் காயமுற்றுப் பூஞ்சணம் தொற்றும்போது அதனை எதிர்க்க மரம் சுரக்கும் பிசினே அகிலாகின்றது. வெளித்தோற்றத்தைக் கொண்டு உள்ளே பிசின் உண்டா என அறிதல் அரிது. ஆகவே பல மரங்கள் வீணே வெட்டப்படுகின்றன. அருமையினால் விலையும், விலையினால் மதிப்பும் வளர்ந்தன. சந்தனமும் இத்தகையதே. 1792இல் மைசூரில் திப்புசுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தான். தன் நிலத்தில் வளர்ந்த மரத்தின்மீதும் குடிமகனுக்கு உரிமை இல்லாதுபோயிற்று. மணம் உயர்ந்தோரின் உரிமையாகவும் அரசின் வருவாயாகவும் விளங்கிய நிலை இதனாற் புலனாகும்.

கோயிலும் மனையும்

பல்லவர், சோழர் காலங்களில் நறுமணத்தின் தலையாய இருப்பிடம் கோயிலாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பொறிக்கப்பட்ட சாசனங்கள், இறைவனது திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏல அரிசி, சண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகியன வழங்குதற்கு முதல் வைத்து, அதன் வட்டியாற் செலவை நிறைவேற்றிய முறையைத் தெரிவிக்கின்றன. கடல் கடந்த அரசரும் இத்துறையில் ஈடுபட்டனர். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த மும்மொழிச் சாசனம் இதற்குச் சான்று. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹேயோடு தொடர்புடைய அச்சாசனத்தின் தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது தேவேந்திரமுனைத் திருமால் கோயிலுக்கு, அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. சீனப்பகுதியிலுள்ள பட்டியலில் பொன், வெள்ளி, பட்டு என்பவற்றோடு 2,500 கட்டி வாசனை எண்ணெயும் அடங்கும்.

இக்காலத்தில் மனைக்கும் கோயிலுக்குமிடையே எழுந்த இழுபறியைப் பெரியபுராணத்துக் குங்கிலியக் கலய நாயனார் வரலாறு வெளிப்படுத்துகின்றது. திருக்கடவூரில் நாள்தோறும் குங்கிலியத் தூபமிடும் தொண்டைப் பூண்டிருந்த அவரது குடும்பம் வறுமையுற்றது. பசியால் வாடிய பிள்ளைகளுக்கு நெல் வாங்கும்பொருட்டு மனைவி தன் தாலியை அவரிடம் கொடுத்தாள். வழியில் குங்கிலியப் பொதியோடு வந்த வணிகனைக் கண்ட அவர் அத்தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தையே வாங்கிச் சென்றார். இறைவனருளால் இல்லம் செல்வத்தால் நிரம்பியது என்று சேக்கிழார் முடிக்கின்றார். பத்தியின் பெருமையைக் கூற எழுந்த இவ்வரலாறு, ஒரு பொதி குங்கிலியத்தின் விலை ஏழைக் குடும்பத்தின் உணவுக்கு ஈடாயிருந்தது என்ற சமூக உண்மையையும் உடன்கூறுகின்றது. தாலியைக் கழற்றித் தந்தவளின் பெயரை மரபு பேணவில்லை. அவர் குங்கிலியத்தின் பெயராலேயே அழைக்கப்படுகின்றார்.

இன்னொரு மாற்றமும் இக்காலத்தில் நிகழ்ந்தது. பெருக்குதலும் மெழுகுதலும் கோயிலிற் செய்யப்பட்டபோது திருவலகிடல், திருமெழுக்கிடல் எனப் பெயர் பெற்றுத் தொண்டாயின. திருநாவுக்கரசரின் தமக்கை திலகவதியார் திருவதிகையில் நாள்தோறும் வைகறையில் இத்தொண்டு புரிந்தார். இதனால் எளிய கைவேலை உயர்ந்த மதிப்பைப் பெற்றது என்பது உண்மையே. ஆயினும் அதே வேலையை அதே வைகறையில் வீட்டிற் செய்த பெண்களின் உழைப்பு தொண்டெனவும் எண்ணப்படவில்லை, தொழிலெனவும் எண்ணப்படவில்லை.

ஈழத்து மனை

ஈழத்துப் பொதுமக்களின் இல்லங்களில் அகிலுக்கும் கத்தூரிக்கும் இடமிருக்கவில்லை. அங்குப் பயன்பட்டவை வளவில் விளைந்தவையும் கைக்கு எட்டியவையுமாகும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுவே வானத்தை நோக்கித் திறந்த முற்றம், சூழவுள்ள அறைகளின் புழுக்கத்தை மேலெழச்செய்து வெளியேற்றியது. அடுக்களை பெரும்பாலும் தனித்த கட்டடமாயிருந்தமையால் புகையும் சமையல் வாடையும் படுக்கும் அறையை எட்டவில்லை. வைகறையில் முற்றம் கூட்டிச் சாணகத் தண்ணீர் தெளிக்கப்பட்டது. பாயும் தலையணையும் வெயிலில் இடப்பட்டன. பாத்திரங்கள் தும்பும் சாம்பலும் கொண்டு துலக்கப்பட்டன. சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப் பசையை அகற்றியது. மீனின் வாடைக்குக் காரணமான அமீன் வகைப் பொருள்கள் காரத்தன்மை உடையவை. புளியும் தேசிக்காயும் அமிலமாதலின் அவற்றை முறிக்கின்றன. மீன் அரிந்த கையையும் சட்டியையும் புளியிட்டுக் கழுவிய பெண்கள் இரசாயனம் கற்றவரல்லர். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்து அறிந்தவர்கள். கழுவிய நீர் வாழையடிக்குச் சென்றது. தானியத்தினுள் காய்ந்த வேப்பிலை இடப்பட்டது. நொச்சியும் வேம்பும் புகைக்கப்பட்டு நுளம்பு விரட்டப்பட்டது. மூலையில் வைத்த கரி, தன் நுண்துளைகளில் வாடையையும் ஈரத்தையும் பற்றிக்கொண்டது. விலைகொடுத்து வாங்கிய நறும்பொருள் பெரும்பாலும் சாம்பிராணி ஒன்றே; அது வெள்ளிக்கிழமைக்கும் குழந்தையை முழுகவார்க்கும் நாளுக்கும் உரியதாய் இருந்தது.

சுண்ணாம்பு பூசுதலும் முக்கியமான முறையாகும். சுண்ணாம்பின் கடுங்காரம் சுவரிற் பூஞ்சணம் வளர்வதைத் தடுத்து ஈரவாடையைப் போக்குகின்றது. ஆனால் இவ்வெளிய பொருளும் எல்லோர்க்கும் உரியதாயிருக்கவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், அங்குள்ள குடிமக்கள் வீடுகளுக்கு ஓடு வேயவோ சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என்றும், அதனால் வெண்களிமண்ணைச் சிலவேளை பூசினர் என்றும் எழுதியுள்ளார். தூய்மைக்கான பொருளும் தகுதியின் சின்னமாகக் காக்கப்பட்டமை இதனால் அறியப்படும்.

குடியேற்ற ஆட்சியும் துப்புரவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய மருத்துவர் பலர் துர்நாற்றமே நோயை விளைவிக்கின்றது என நம்பினர். 1854இல் இலண்டனில் யோன் சினோ கொலரா நீரினாற் பரவுவதைக் காட்டினார். 1884இல் றொபேட் கொக் கல்கத்தாவில் கொலராக் கிருமியை உறுதிப்படுத்தினார். நோய்க்குக் காரணம் நாற்றமன்று, கிருமியே என்பது நிலைபெற்றது. இதனால் தூய்மையின் மணமே மாறியது. 1865இல் யோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தைச் சத்திரசிகிச்சையிற் புகுத்தியதைத் தொடர்ந்து, நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட கிருமிநாசினிகள் வைத்தியசாலைக்கும் பின்னர் வீட்டிற்கும் வந்தன. கடுமையான அவ்வாடையே சுகாதாரத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

இலங்கையில் 1914இல் கொழும்பில் பிளேக் நோய் தோன்றியமையும், 1916இல் தோட்டப்புறங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியமையும், 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு நிறுவப்பட்டமையும் இல்லத்தின் துப்புரவை அரசின் அலுவலாக்கின. இதனால் விளைந்த நன்மை மறுத்தற்கரியது. ஆனால் மலையகத்தில் ஒரு குடும்பம் முழுவதும் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியான லயன் அறையொன்றில் வாழ்ந்து, அதனுள்ளோ அதன் ஒடுங்கிய முன்புறத்திலோ சமைத்தது. சாளரமற்ற அவ்வறைகளிற் புகை தங்கியது. இங்குக் குறைபட்டது மக்களின் தூய்மையுணர்வு அன்று; இடமும் நீரும் காற்றுமே. தேயிலையின் மணத்தை உலகெங்கும் அனுப்பியவர்களின் சொந்த அறையில் நல்ல மூச்சுக்கு வழியில்லாதிருந்தது.

நகரங்களின் நிலை இதனினும் கொடியது. வாளி மலசலகூடங்கள் வழக்கிலிருந்த காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் பிற நகரங்களிலும் அவற்றைச் சுமந்து அகற்றும் பணிக்குத் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். வீடுகளின் முன்புறத்தில் மாவிலைத் தோரணமும் ஊதுவத்தியும் மணக்க, பின்புற ஒழுங்கையால் அவர்கள் வந்து சென்றனர். ஒரு நகரத்தின் நாற்றம் முழுவதும் ஒரு சிலரின் தலைமீது ஏற்றப்பட்டதனாலேயே ஏனையோர் வீடுகள் மணந்தன. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளோ நெருக்கமும் ஈரமும் நிறைந்தனவாயிருந்தன. இல்லத்தின் நறுமணத்தைப் பற்றி எழுதுவோர் பின்புற ஒழுங்கையைப் பற்றி எழுதாது விடுவாராயின் அவ்வரலாறு பாதி வரலாறேயாகும்.

இன்றைய நிலை

1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போர்ச்சூழலால் மூடப்படும் வரை வடக்கின் வீடமைப்பை மாற்றியமைத்தது. சீமெந்துத் தரை பரவ, மெழுகுதல் பொங்கல் நாளுக்கும் முற்றத்துக் கோலத்திற்குமான சடங்காகச் சுருங்கியது. குனிந்து மெழுகிய பெண்ணின் முதுகுக்கு இது விடுதலையே. அதனை இழப்பென்று புலம்புவதற்கு நியாயமில்லை. எனினும் முற்றம் மூடப்பட்டு, காலதர் கண்ணாடியாகி, அடுக்களை அறைகளோடு ஒட்டிய பின்னர் காற்று தேங்கலாயிற்று. தேங்கிய காற்றை மறைக்கவே போத்தலில் அடைத்த செயற்கை மணங்கள் விற்கப்படுகின்றன. மூன்று வழிகளுள் மூன்றாவது மட்டுமே சந்தைக்கு ஏற்றது; ஏனெனில் வெயிலையும் தென்றலையும் விலைகூறி விற்க இயலாது.

இதற்கு மறுபுறத்தில், இயற்கையானவை யாவும் தீங்கற்றவை என்ற கருத்தும் பரப்பப்படுகின்றது. சாம்பிராணியாயினும் அகிலாயினும் விறகாயினும் புகை புகையே. அதன் நுண்துகள்கள் நுரையீரலை அடைகின்றன. வீட்டினுள் எரிக்கப்படும் எரிபொருள்களின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவ்வாறே கற்பூரத்தின் இடத்தைப் பிடித்த நப்தலீன் உருண்டைகள் சிலவகைக் குருதிக் குறைபாடுடைய குழந்தைகளுக்கு ஆபத்தானவை. அகில் மரங்களும் அழிவை எதிர்நோக்கி, 1995 முதல் படிப்படியாகச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டன. இலங்கைக் காடுகளிலுள்ள வல்லப்பட்டை மரத்திலும் அகிலையொத்த பிசின் உண்டு என்பது அறியப்பட்ட பின்னர் அதுவும் களவாக வெட்டப்படுகின்றது. மாடத்திற் கமழ்ந்த அகிலுக்கு அன்று கொடுத்த விலையைக் காடு இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன. தமிழர் இல்லங்களின் நன்மணம் பெரும்பாலும் நறும்பொருள்களால் உண்டானதன்று; நாள்தோறும் ஓயாது செய்யப்பட்ட துப்புரவினாலும் காற்றுக்கு வழிவிட்ட மனையமைப்பினாலும் உண்டானது. அகிலும் கத்தூரியும் சிலருடைய செல்வத்தைக் காட்டின. சாணகமும் சாம்பலும் களர்மண்ணும் பலருடைய உழைப்பைக் காட்டின. இலக்கியமும் சாசனமும் முன்னதை விரித்துப் பேசின. பின்னதை இடையிடையே மட்டும் காட்டிச் சென்றன. முன்னோர் செய்தன யாவும் அறிவியலே எனப் போற்றுவதும், அவை யாவும் அறியாமையே எனத் தள்ளுவதும் ஒருங்கே பிழையாகும். அவர்களது முறைகளுள் காற்றோட்டமும் வெயிலும் புளியும் சுண்ணாம்பும் இன்றும் பயன்படத்தக்கவை. புகை அளவோடு கொள்ளத்தக்கது. பெண்ணின்மேலும் ஒடுக்கப்பட்டோர்மேலும் முழுச்சுமையையும் ஏற்றிய ஒழுங்கோ முற்றாகக் கைவிடத்தக்கது. வீட்டைப் பெருக்கும் கை யாருடையது, கழிவைச் சுமக்கும் தோள் யாருடையது என்ற வினாக்களுக்கு நேர்மையான விடை காணும் சமூகத்திலேயே மனையின் மணம் எல்லோர்க்கும் உரியதாகும்.